எல்லைக்கோடு எங்கே விழுகிறது? – இணைய முகவரிகள் பகுக்கப்பட்ட வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். தந்தி, தொலைபேசி, கணினி என்று புதிய பொருள்கள் வந்து சேரும் வரிசையே நமக்கு வரலாறு. புதிதாக எதையும் சேர்க்காமல், கையிருப்பை எப்படிப் பிரித்துக்கொள்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளும் சில காலகட்டங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அவை எளிதில் நம் கண்ணில் படுவதில்லை. இணைய முகவரிகளை ‘சப்நெட்’டுகளாக, அதாவது உள்வலைகளாகப் பகுத்த முறை அத்தகைய ஒரு விடை.

தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஓர் எழுத்துத் தொடரை எங்கே பிரிப்பது, பிரிக்கும் இடம் மாறினால் பொருள் எப்படி மாறும் என்பது நம் இலக்கணிகள் பல நூற்றாண்டுகளாக யோசித்த செய்தி. அதே கேள்வியை எண்களின் உலகில் சில பொறியாளர்கள் 1980களில் எதிர்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடையும், அந்த விடைக்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒரு பங்கீடும் இன்றுவரை நம் வாழ்வைத் தொடுகின்றன.

முப்பத்திரண்டு பிட்கள்

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி போய்ச்சேர இரண்டு விவரங்கள் வேண்டும். அந்தக் கணினி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பது ஒன்று. அந்த வலையமைப்புக்குள் அது எந்தக் கணினி என்பது மற்றொன்று. கடித உறையில் ஊர்ப்பெயரும் கதவிலக்கமும் இருப்பதைப் போல. ஊர்ப்பெயரைப் பார்த்து அஞ்சல் ஊருக்கு வந்து சேர்கிறது. கதவிலக்கம் அவ்வூர்த் தபால்காரருக்கு மட்டுமே தேவை.

1969இல் அமெரிக்காவில் நான்கு நிலையங்களோடு ஆர்ப்பாநெட் தொடங்கியது. பிறகு வானொலி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் இயங்கும் வேறு வலையமைப்புகள் தோன்றின. வெவ்வேறு இயல்புடைய இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974 மே மாதம் வெளியான ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். இன்றைய இணையத்தின் மூலநூல் என்று அதைச் சொல்லலாம். அதில் வலையமைப்பைக் குறிக்க எட்டு பிட்களை ஒதுக்கினார்கள். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம். எட்டு பிட்களைக் கொண்டு 256 வலையமைப்புகளுக்குப் பெயரிடலாம். கண்ணுக்கெட்டிய காலம்வரை இது போதும் என்றே அவர்கள் கருதினார்கள். அன்று வலையமைப்பு என்றால் ஒரு நாட்டின் குறுக்கே விரிந்து கிடக்கும் பெருங்கட்டுமானம். ஒரு கட்டடத்துக்கு ஒரு வலை, ஒரு மாடிக்கு ஒரு வலை என்ற நிலை அன்று யார் கணக்கிலும் இல்லை.

முழு முகவரிக்கு எத்தனை பிட் என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது. 32 போதும் என்றனர் சிலர். 128 வேண்டும் என்றனர் சிலர். நீளம் தேவைக்கேற்ப மாறட்டும் என்றனர் வேறு சிலர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பில் அப்பணிக்குப் பொறுப்பாயிருந்த செர்ஃப், 1977இல் 32 என்று முடிவு செய்தார். ஒரு சோதனை முயற்சிக்கு அது போதும் என்று அன்று எண்ணியதாக அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சோதனை முடியவேயில்லை என்பதுதான் இணையத்தின் கதை. 32 பிட்களால் கிடைப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை எட்டெட்டாக நான்கு கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதி, நடுவே புள்ளியிடுகிறோம். 192.168.10.77 என்பதைப் போன்ற எண்கள் இப்படிப் பிறந்தவை.

1980 ஜனவரியில் வெளியான ஆவணத்தில் முதல் எட்டு பிட் வலையமைப்புக்கு, மீதி 24 கணினிக்கு என்றிருந்தது. அடுத்த ஆண்டே அது போதாதென்று தெரிந்துவிட்டது. 1981 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 791 என்னும் ஆவணம் முகவரிகளை மூன்று வகுப்புகளாக்கியது. ஆர்.எஃப்.சி. என்பது ‘கருத்துரை வேண்டி’ முன்வைக்கப்படும் அறிக்கை. 1969 ஏப்ரலிலிருந்து இணையத்தின் விதிகள் யாவும் இந்தப் பணிவான பெயரில்தான் வெளியாகின்றன.

வகுப்பு முறையை விளங்கிக்கொள்ள நம் தொலைபேசியின் எஸ்.டி.டி. குறியீடே போதும். முன்னால் வரும் பூச்சியத்தை விட்டுவிட்டால் மொத்தம் பத்து இலக்கங்கள். சென்னைக்கு 44 என்று இரண்டே இலக்கம். மீதி எட்டும் உள்ளூர் எண்ணுக்கு. கோயம்புத்தூருக்கு 422 என மூன்று, உள்ளூருக்கு ஏழு. இராமநாதபுரத்துக்கு 4567 என நான்கு, உள்ளூருக்கு ஆறு. பெரிய ஊருக்குச் சிறிய குறியீடு, சிறிய ஊருக்கு நீண்ட குறியீடு. இணையத்தின் ஏ, பி, சி வகுப்புகளும் இவ்வாறே அமைந்தன. ஏ வகுப்பில் வலையெண்ணுக்கு ஒரு கூறு. உள்ளே 1,67,77,216 முகவரிகள். பி வகுப்பில் இரண்டு கூறு; உள்ளே 65,536. சி வகுப்பில் மூன்று கூறு, உள்ளே 256. ஒரு முகவரி எந்த வகுப்பு என்பதை அதன் முதல் சில பிட்களே சொல்லிவிடும். 0 என்று தொடங்கினால் ஏ. 10 என்றால் பி. 110 என்றால் சி. சொல்லின் நேர்ப்பொருளிலேயே அது தலையெழுத்து. பிறந்த பிறகு மாற்ற வழியில்லை.

ஒரு வளாகம், பல கம்பிகள்

இந்த ஏற்பாட்டைத் தடுமாறச் செய்தவை பல்கலைக்கழக வளாகங்கள். ஈதர்நெட் போன்ற உள்ளூர் வலைகள் பரவத் தொடங்கியதும் ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு கம்பியை இழுத்துக்கொண்டது. ஒரு கம்பி இத்தனை மீட்டர்தான் நீளலாம், இத்தனை கணினியைத்தான் தாங்கும் என்ற வரம்பு இருந்தது. ஒரு துறையில் ஈதர்நெட், அடுத்த துறையில் வளைய வடிவ வலை என்று வகையும் வேறுபட்டது. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்ட முடியாது. வெளியுலகமோ அந்த வளாகத்தை ஒரே வலையமைப்பாகவே அறிந்திருந்தது.

இச்சிக்கலை முதலில் சந்தித்தவற்றுள் ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், எம்.ஐ.டி. வகுப்புகள் ஏற்படும் முன்பே அங்கு உள்ளூர் வலைகள் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனி வலையெண் கேட்டிருந்தால், உலகுக்கே இருந்த 256 எண்களில் பெரும்பங்கை அந்த ஒரு வளாகம் தின்றிருக்கும். ஆகவே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, மீதியிருந்த 24 பிட்களை அவர்கள் தாமே மூன்று கூறாக்கினார்கள். ஒரு கூறு உள்வலையைக் குறிக்க, ஒன்று கணினியைக் குறிக்க, இடையிலுள்ளது வெறுமையாக. ஸ்டான்ஃபோர்டில் 1979 முதலே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பப்’ என்னும் வேறொரு நெறிமுறையில் பல ஈதர்நெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. இணைய நெறிமுறை வந்தபோது அந்தப் பழைய பிரிவினையின்மேலேயே புதியதை ஏற்றிவைத்தார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அங்கே முகவரியில் பிரிவினை எதுவும் இல்லை. கம்பிகளுக்கு நடுவே நின்ற பாலக் கருவிகளே யார் எங்கே என்று விசாரித்துப் பொட்டலங்களைக் கடத்தின.

ஆக, விதி வருவதற்கு முன்பே வழக்கம் வந்துவிட்டது. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்று நாம் சொல்வது இங்கும் பொருந்தும். சிதறிக்கிடந்த இவ்வழக்கங்களைத் திரட்டி இலக்கணம் செய்ய முற்பட்டவர் ஜெஃப்ரி மோகுல். அப்போது அவர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர். 1984 அக்டோபரில் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 917 மூன்று வழிகளை எடை போடுகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி வலையெண் வாங்குவது முதல் வழி. அப்படிச் செய்தால் உலகிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அந்த வளாகத்தின் உட்கம்பிகளையெல்லாம் தன் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஒரு கட்டடத்தில் புதிதாகக் கம்பி இழுத்தால் லண்டனில் ஒரு வரி கூடும். எண்ணை மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டு உள்ளே ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு, பாலக் கருவிகளை நம்புவது இரண்டாம் வழி. ஒரே எண், ஆனால் அதன் உட்பகுதியை வெளிப்படையாகப் பகுத்துக்கொள்வது மூன்றாம் வழி. மோகுல் மூன்றாவதைத் தேர்ந்தார்.

எல்லாரும் உடனே உடன்பட்டுவிடவில்லை. அதே மாதத்தில் ஜான் போஸ்டல், கணினிகளுக்குத் தெரியாமலேயே இடைக்கருவிகள் வேலையை முடித்துவிடும் ஒரு முறையை ஆர்.எஃப்.சி. 925 வாயிலாக முன்வைத்தார். 1985 ஜனவரியில் எம்.ஐ.டி.யின் டேவிட் கிளார்க் ஒரு திட்டம் தந்தார். பிப்ரவரியில் பெர்க்லியின் மைக்கேல் காரெல்ஸ் இன்னொன்று. ஏப்ரலில் ஒரு பணிக்குழு இவற்றைப் பரிசீலித்துத் தன் கருத்தைச் சொன்னது. 1985 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 950 பொதுவிதியாக வெளியாயிற்று. அதில் கையெழுத்திட்டவர்கள் இருவர்: மோகுலும், ஓராண்டுக்கு முன் மாற்று முறையை முன்வைத்த போஸ்டலும். விவாதம் எதிரணியாக இறுகாமல் கூட்டு நூலாக முடிந்த இந்தப் பண்பு கவனத்துக்குரியது.

முகமூடி

இனி, பகுத்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வகுப்பு முறையில் எல்லைக்கோடு எண்ணுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. உள்வலை வந்ததும் அது போதவில்லை. ஒரு வளாகம் எட்டு பிட்களை உள்வலைக்கு எடுத்துக்கொள்ளலாம், இன்னொன்று மூன்று பிட்களை. முகவரியைப் பார்த்தால் இது தெரியாது.

நன்னூலார் சொற்களைத் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாக வகுத்தது நினைவிருக்கும். பொதுமொழிக்கு நாம் வகுப்பில் தரும் எடுத்துக்காட்டு ‘எட்டு’. பிரிக்காவிட்டால் அது ஓர் எண்; எள் + து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். ‘வேங்கை’யும் அவ்வாறே: நிற்கும்போது மரம் அல்லது புலி, வேம் + கை என்று பிரிந்தால் வேகின்ற கை. எழுத்துகள் மாறவில்லை, பிரியும் இடம் பற்றிய தீர்மானம் மாறியது. அத்தீர்மானத்தைச் சொல் தனக்குள் வைத்திருக்கவில்லை. இடமும் சூழலும் தருகின்றன. உள்வலையாகப் பகுக்கப்பட்ட இணைய முகவரி ஒரு பொதுமொழி. அதை எங்கே பிரிப்பது என்று சொல்ல வெளியிலிருந்து இன்னொன்று வேண்டும்.

அந்த இன்னொன்றுதான் ‘மாஸ்க்’, முகமூடி. அதுவும் 32 பிட் நீளமுள்ள ஓர் எண்ணே. வலையமைப்பையும் உள்வலையையும் குறிக்கும் இடங்களிலெல்லாம் 1. கணினியைக் குறிக்கும் இடங்களிலெல்லாம் 0. முகவரியின்மேல் இதை வைத்தால் 1 இருக்கும் இடத்தில் அடியிலுள்ள பிட் அப்படியே தெரியும். 0 இருக்கும் இடத்தில் அது மறைந்து பூச்சியமாகும். ஒரு பகுதியை மூடி மறுபகுதியை மட்டும் காட்டுவதால் இப்பெயர்.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அதனிடம் 192.168.10 என்று தொடங்கும் 256 முகவரிகள் இருக்கின்றன. நான்கு துறைகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். நான்கைக் குறிக்க இரண்டு பிட் போதும். எனவே கடைசிக் கூறின் முதல் இரண்டு பிட்களை உள்வலைக்கு ஒதுக்கினால், முகமூடியின் கடைசிக் கூறு 11000000, அதாவது 192. முழு முகமூடி 255.255.255.192. இப்போது 192.168.10.77 என்ற கணினி எந்தத் துறையைச் சேர்ந்தது? 77ஐ இரும எண்ணாக எழுதினால் 01001101. முகமூடியை அதன்மேல் வைத்தால் முதல் இரண்டு பிட்கள் மட்டும் தப்பி 01000000 என்றாகும், அது 64. ஆக அக்கணினி 64இல் தொடங்கி 127இல் முடியும் இரண்டாம் உள்வலையில் இருக்கிறது. இந்த 64 எண்களில் முதலாவது உள்வலையின் பெயர். கடைசி எண், அதிலுள்ள எல்லாரையும் ஒருசேர அழைப்பதற்கு. மீதி 62 கணினிகளுக்கு.

ஒரு கணினி வேறொரு கணினிக்குச் செய்தி அனுப்பும்போது முதலில் செய்வது இந்தக் கணக்கையே. தன் முகவரிமேல் முகமூடியை வைக்கிறது. போக வேண்டிய முகவரிமேலும் வைக்கிறது. இரண்டு விடையும் ஒன்றானால், அது நம் தெரு, நேரே கொடுத்துவிடலாம். வேறானால் தெருமுனையிலிருக்கும் ரௌட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். இரு முகவரிகளுக்கு ஓர் ஒப்பீடு; அதற்குமேல் எதுவும் இல்லை.

1985 விதியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. வட்டு இல்லாத கணினிகள் அன்று புழக்கத்தில் இருந்தன. மின்சாரம் வந்து கண் விழிக்கும்போது அவற்றுக்குத் தம் எல்லை எதுவென்று தெரியாது. ஆகவே, ‘என் முகமூடி என்ன?’ என்று அக்கம்பக்கத்தில் கேட்கும் ஒரு செய்திவகையை அந்த ஆவணம் வகுத்தது. விடை தெரிந்த இயந்திரம் பதில் சொல்லும். இன்னொரு விதி வீண்செலவுக்கு வழிவகுத்தது. உள்வலைப் பிட்கள் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ உள்ள பிரிவுகளை, குழப்பம் வரக்கூடும் என்று ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள். அதன்படி நம் கல்லூரியின் நான்கு உள்வலைகளில் இரண்டைத்தான் பயன்படுத்தலாம். பாதி நிலம் வரப்புக்கே போனது. பத்தாண்டு கழித்து, 1995 டிசம்பரில்தான் அவ்வழக்கம் காலாவதியானது என்று ஓர் ஆவணம் சொன்னது.

உட்பிரிவு

இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன் கணக்கில் இல்லை. யார் எதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. வளாகத்துக்குள் எத்தனை உள்வலை இருந்தாலும் வெளியுலகத்துக்கு அது ஒரே எண். உள்ளே நாலு துறை ஆறாகலாம், கட்டடம் இடம் மாறலாம். உலகின் ரௌட்டர்களில் ஒரு வரிகூட மாறாது.

நம் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் சர்வே எண்ணுக்கு உட்பிரிவு உண்டு. அண்ணன் தம்பி நிலம் பிரித்துக்கொண்டால் 112 என்ற புலம் 112/1, 112/2 என்றாகும். புலத்தின் வெளி எல்லைக் கல் அசையாது. பக்கத்துப் புலத்தின் எண் மாறாது. உள்வலையும் இத்தகைய உட்பிரிவே. ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தின் உட்பிரிவை வட்டாட்சியர் அலுவலகம் பதிய வேண்டும். உள்வலையை யாரிடமும் பதிய வேண்டியதில்லை. அந்த வளாகத்தின் நிர்வாகி தன் மேசையில் அமர்ந்து முடிவு செய்யலாம். பிரித்துக்கொள்ளும் உரிமை உள்ளூருக்கு, ஒற்றை எண்ணாகத் தெரிய வேண்டிய கடமை வெளியுலகத்துக்கு என்ற இந்த உடன்பாடு இல்லாதிருந்தால், 1980களின் பிற்பகுதியில் பெருகிய பல்லாயிரம் உள்ளூர் வலைகளின் சுமையில் இணையம் திணறியிருக்கும்.

வகுப்பு ஒழிந்தது

உள்வலை ஒரு நோயைத் தீர்த்தது. அடிப்படைக் கோளாறான வகுப்பு முறை அப்படியே நின்றது. நடுத்தர நிறுவனத்துக்கு 256 முகவரிகள் போதா; 65,536 மிக அதிகம். இடையில் எதுவும் இல்லாததால் எல்லாரும் பி வகுப்பையே கேட்டார்கள். முந்நூறு கணினிகள் உள்ள இடம் அறுபத்தைந்தாயிரம் முகவரிகளை வாங்கிப் பூட்டிவைத்தது. மொத்தம் இருந்த பி வகுப்பு எண்கள் 16,384. 1990 ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தில் ஃபிராங்க் சொலென்ஸ்கியும் அவருடன் இருவரும் ஒரு கணிப்பை முன்வைத்தார்கள்: இதே வேகத்தில் போனால் 1994 மார்ச் வாக்கில் பி வகுப்பு தீர்ந்துவிடும். பி இல்லாவிட்டால் பல சி எண்களைச் சேர்த்துத் தரலாம். அப்படித் தந்தாலோ உலக ரௌட்டர்களின் அட்டவணை வெடித்துவிடும்.

தீர்வு முகமூடிக்குள்ளேயே இருந்தது. 1985இல் அது வளாகத்தின் உள்விவகாரம்; கோட்டை வலப்பக்கம் தள்ளி ஒன்றைப் பலவாக்கியது. அதே கோட்டை இடப்பக்கமும் தள்ளலாமே, பலவற்றை ஒன்றாக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அடுத்தடுத்துள்ள எட்டு சி எண்களின் முதல் 21 பிட்கள் ஒன்றாக இருக்குமாறு தேர்ந்தால், 21 பிட் முகமூடி ஒன்றால் அவற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 1993 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 1519 இதை விதியாக்கியது. ‘வகுப்பில்லா வழிச்செலுத்தம்’ என்பது அதன் பெயரின் சாரம். தலையெழுத்தைப் பார்த்து வகுப்பு சொல்லும் வழக்கம் ஒழிந்தது. முகமூடி உள்வீட்டை விட்டு வெளியே வந்து, உலக ரௌட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் செய்தியில் முகவரியோடு ஒட்டிக்கொண்டது. 1985 ஆவணம் முகமூடியில் 1கள் விட்டுவிட்டு வருவதைக்கூடத் தடை செய்யவில்லை. தொடர்ச்சியாக இருப்பது நல்லது என்று பரிந்துரை மட்டும் செய்தது. இப்போது தொடர்ச்சி கட்டாயமானதால் 255.255.255.192 என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு சாய்கோடு இட்டு 26 என்றால் போதும்.

முந்தியவரும் பிந்தியவரும்

எல்லைக்கோடு நகரக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பெரும்பங்கீடு முடிந்துவிட்டது என்பதையும் வரலாறு பதிய வேண்டும். எண்களை ஒதுக்கிக் கணக்கு வைத்தவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்திலிருந்த அதே போஸ்டல். 1998இல் இறக்கும்வரை அப்பணியின் மையம் அவரே. தொடக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கேட்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர், ஏறக்குறைய அனைவரும் அமெரிக்கர். ஐ.பி.எம்.முக்கு 9, ஜெராக்ஸுக்கு 13, ஆப்பிளுக்கு 17, எம்.ஐ.டி.க்கு 18, ஃபோர்டு நிறுவனத்துக்கு 19. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முகவரிகள்.

இந்தியா 1986இல் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.களும் அதன் தொடக்கப் பங்காளிகள். அதற்குக் கிடைத்த 144.16 என்ற பி வகுப்பு எண் ஒன்றையே பெங்களூரும் கரக்பூரும் சென்னையும் மூன்றாம் கூறைப் பகுத்துப் பகிர்ந்துகொண்டன. எம்.ஐ.டி. என்னும் ஒரு வளாகத்துக்கு 256 பி வகுப்புகளுக்குச் சமமான இடம். இந்தியாவின் முதன்மைக் கல்விநிலையங்கள் பலவற்றுக்குச் சேர்த்து ஒன்று. முகமூடி இங்கே சிக்கனக் கருவியாயிற்று. 1993இல் சி வகுப்பு எண்கள் கண்டங்களுக்கெனப் பிரிக்கப்பட்டபோது ஆசிய-பசிபிக் பகுதிக்கு 202, 203 என்று தொடங்குபவை வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. 202.54 என்று தொடங்கும் அதன் எண்கள், மோடம் கீச்சிட்ட காலத்தில் இணையத்துக்கு வந்தவர்கள் சிலருக்கேனும் நினைவிருக்கும்.

சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். உள்வலைக் கருத்தின் தாய்வீடுகளுள் ஒன்றான ஸ்டான்ஃபோர்டு 2000இல் தன் 36 என்ற ஏ வகுப்பு எண்ணை ஒப்படைத்தது. 2010இல் அது ஆசிய-பசிபிக் பதிவகத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லாரும் அப்படி இல்லை. 2011 பிப்ரவரி 3 அன்று மியாமியில் நடந்த ஒரு விழாவில் பொதுக்கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பகிரப்பட்டன. அதோடு மையக் களஞ்சியம் காலி. அவ்வாண்டே, திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 இலட்சம் டாலருக்கு வாங்கியது. கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கிடைத்த எண்ணுக்கு விலை வந்துவிட்டது. 2017இல் எம்.ஐ.டி., தன் முகவரிகளில் 1.4 கோடி பயன்படுத்தப்படாமலே கிடப்பதாகச் சொல்லி, ஏறத்தாழப் பாதியை விற்க முன்வந்தது. பெரும்பகுதி அமேசானுக்குப் போயிற்று.

10 என்னும் புறம்போக்கு

பற்றாக்குறை இன்னொரு வழியையும் திறந்தது. சில எண் தொகுதிகளை யாருக்கும் உரிமையாக்காமல், எவரும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1990களின் நடுவில் ஒதுக்கினார்கள். நம் எடுத்துக்காட்டில் வந்த 192.168 அத்தகையது; 10 என்று தொடங்கும் முழு ஏ வகுப்பும் அவ்வாறே. இந்த 10 முன்பு ஆர்ப்பாநெட்டின் சொந்த எண். 1990இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டதும் அரண்மனை நிலம் புறம்போக்காயிற்று. இன்று உலகின் எண்ணற்ற அலுவலகங்களும் கல்லூரிகளும் அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று அறியாமல், உள்ளுக்குள் உள்வலை பிரித்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. புறம்போக்கு எண்ணுக்கு வெளியுலகில் முகவரி மதிப்பில்லை. வாசலில் ஒரு கருவி நின்று, உள்ளேயிருந்து போகும் செய்திகளுக்கெல்லாம் தன் முகவரியை ஒட்டி அனுப்பி, வரும் பதில்களைப் பிரித்துத் தர வேண்டும். 1994இல் ஆர்.எஃப்.சி. 1631 விவரித்த இந்த முகவரி மாற்று முறையில் உள்ளிருப்பவர் வெளியே பேசலாம். வெளியிலிருப்பவர் தாமாக அவரை அழைக்க முடியாது. இணையத்தில் எவரும் எவரோடும் நேரே பேசலாம் என்ற தொடக்கக் கொள்கை, முகவரி நிறைய வைத்திருந்தவர்களுக்கு மட்டும் எஞ்சியது. பிந்தி வந்த நாடுகளின் பயனாளர் பலரும் கேட்பவராக, வாங்குபவராக இணையத்துக்குள் நுழைந்ததற்கு இந்தக் கட்டமைப்பும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

128 பிட் நீளமுள்ள ஐபிவி6 என்னும் புதிய முகவரிமுறை 1995 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. உலகம் அதற்கு மாறத் தயங்கியது. முகவரி வளம் மிக்க நாடுகளுக்கு அவசரமில்லை, இல்லாதவர்க்கு இருந்தது. 2016இல் சேவை தொடங்கிய ஜியோ அதைப் பெருமளவில் கைக்கொண்டது. இன்று இந்திய இணையப் பயன்பாட்டில் பாதிக்கும் மேற்பட்டது ஐபிவி6 வழியே நடக்கிறது. பங்கீட்டில் கடைசியில் நின்றவர்கள் புதிய நிலத்தில் முன்வரிசைக்கு வந்திருக்கிறார்கள்.

அந்தப் புதிய நிலத்திலும் ஒரு கோடு உண்டு. ஐபிவி6இல் முதல் 64 பிட் வலைக்கும் உள்வலைக்கும், அடுத்த 64 கணினிக்கும் என்பது பொதுவிதி. ஒரு வீட்டின் ஓர் உள்வலையில் மட்டும் 1.8 இலட்சம் கோடி கோடி முகவரிகள். வீட்டிலோ பத்துக் கருவிகள் இருக்கலாம். நகரக் கற்றுக்கொண்ட எல்லைக்கோடு மறுபடியும் நடுவில் ஆணியடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது சிக்கனம் எதற்கு என்று கேட்கிறார்கள். 256 வலையமைப்புகள் போதும் என்று 1974இல் எழுதியவர்களும் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். ஒருநாள் அந்த 64ஆம் பிட்டிலுள்ள கோட்டையும் யாரேனும் நகர்த்த வேண்டிவரலாம். அன்று தேவைப்படுவது 1984இல் சில வளாகங்களில் நடந்ததைப் போன்ற பேச்சுதான்: கோடு எங்கே விழ வேண்டும், அதை யார் தீர்மானிப்பது, வெளியே இருப்பவர் எதை அறிந்தால் போதும் என்ற பேச்சு. அந்தப் பேச்சில், சென்ற முறை பங்கீடு முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர்களும் இருக்க வேண்டும்.